புதிய உலகத்தின் வரலாறு – 14: சங்கிலி முன்னே, கலப்பை பின்னே

1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி பாரிஸ் மாநகரில் கையொப்பமான உடன்படிக்கையோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தினோம். அட்லாண்டிக் கரையோரத்தில் பதின்மூன்று குடியேற்றங்களாகத் தொடங்கிய நாடு, எட்டாண்டு யுத்தத்தின் முடிவில், சுதந்திரத்தை மட்டுமன்றி, அப்பலாச்சிய மலைத்தொடருக்கு அப்பால் மிஸிஸிப்பி நதி வரையில் விரிந்து கிடந்த விசாலமான ஒரு பிரதேசத்தையும் காகித அளவில் தன்னுடையதாக்கிக் கொண்டது. காகித அளவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பிரதேசத்தை விட்டுக் கொடுத்த ஆங்கில மன்னரின் ஆணை அங்கே முழுமையாகச் செல்லுபடியானது கிடையாது. அதைப் பெற்றுக்கொண்ட காங்கிரஸ் சபையாரில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதும் கிடையாது. அங்கே வேட்டையாடியும் சோளம் பயிரிட்டும் வாழ்ந்துகொண்டிருந்த ஷானீ, மயாமி, டெலாவேர், வயாண்டாட் முதலிய பூர்வகுடிகளைப் பாரிஸ் மேஜைக்கு எவரும் அழைத்ததும் கிடையாது.

இவ்வாறு கிடைத்த நிலம் எவ்வாறு உண்மையிலேயே ஒரு தேசத்தின் நிலமாயிற்று என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். மேற்கு நோக்கிய பெருக்கம் என்றவுடன் மூடுவண்டிகளும் துப்பாக்கிகளும் மரம் வெட்டும் கோடரிகளும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பே. ஆனால் அவற்றுக்கெல்லாம் சட்டபூர்வமான ஒரு வழியை வகுத்துத் தந்தது, இருவர் ஆளுக்கொரு முனையைப் பற்றிக் காட்டினூடே இழுத்துச் சென்ற அறுபத்தாறு அடி நீளமுள்ள ஓர் இரும்புச் சங்கிலியாகும்.

வெறுங் கஜானா

யுத்தத்தில் வென்ற குடியரசின் பொருளாதார நிலைமை, தோற்றவர்களே இரக்கப்படும்படியாக இருந்தது. 1781-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சாசனம், யுத்தம் தொடுக்கவும் சமாதானம் செய்யவும் கடன் வாங்கவும் காங்கிரஸ் சபைக்கு அதிகாரம் அளித்ததேயன்றி, குடிமக்கள்மீது ஒரு காசு வரி விதிக்கவும் அதிகாரம் அளிக்கவில்லை. செலவுக்குப் பணம் வேண்டுமானால் ராஜ்யங்களைக் கேட்டுக்கொள்ளலாம். ராஜ்யங்கள் கொடுத்தாலும் கொடுக்கலாம், கையை விரித்தாலும் விரிக்கலாம். யுத்த காலத்தில் அச்சடித்துத் தள்ளிய காகிதப் பணம் செல்லாக் காசாகிவிட்டது. சம்பளத்துக்குப் பதிலாகப் படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட கடன் பத்திரங்கள், பசித்தவன் கையிலிருந்து பணம் படைத்தவன் கைக்கு, எழுதிய தொகையில் ஒரு சிறு பங்குக்கு மாறிக்கொண்டிருந்தன.

அத்தகைய காங்கிரசின் கையில் இருந்த ஒரே ஆஸ்தி, மலைக்கு அப்பாலிருந்த நிலம். அதுவும் எளிதில் வந்துவிடவில்லை. 1609-ஆம் ஆண்டின் அரச சாசனம் தனக்குக் கடலிலிருந்து கடல் வரையில் நிலம் வழங்கியிருப்பதாக வர்ஜீனியா வாதாடிற்று. மாஸசூஸெட்ஸும் கனெக்டிகட்டும் தத்தம் பழைய சாசனங்களைக் காட்டின. மேற்கே ஒரு சாண் நிலத்துக்கும் உரிமை கோர இயலாத மேரிலாந்து, எல்லோரும் சேர்ந்து இரத்தம் சிந்தி வென்ற நிலம் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வர்ஜீனியா இணங்கி வரும் வரையில் கூட்டாட்சிச் சாசனத்திலேயே கையெழுத்திட மறுத்துவிட்டது. முடிவில் 1784-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி, ஒஹையோ நதிக்கு வடக்கே தான் கோரிய உரிமையை வர்ஜீனியா காங்கிரசுக்கு எழுதிக் கொடுத்தது. பதின்மூன்று ராஜ்யங்களும் கூட்டாகப் பாத்தியதை கொண்டாடக்கூடிய முதற்சொத்து இவ்விதமாக உண்டாயிற்று.

அந்தச் சொத்தைப் பரிபாலனம் செய்வதற்கு முதன்முதலில் ஒரு திட்டம் வரைந்தவர் தாமஸ் ஜெபர்ஸன். மேற்குப் பிரதேசம் பழைய ராஜ்யங்களுக்கு அடங்கிய குடியேற்ற நாடாக என்றென்றும் கிடவாமல், மக்கள் தொகை பெருகப் பெருகப் புதிய ராஜ்யங்களாகப் பிரிந்து, பழையவற்றோடு சம அந்தஸ்தில் சேர வேண்டும் என்ற அவரது கொள்கை, பிரிட்டனிடமிருந்து அப்போதுதான் விடுபட்ட ஒரு நாட்டுக்கு மிகவும் பொருத்தமானது. வரவிருக்கும் ராஜ்யங்களுக்கு அஸ்ஸெனிஸிப்பியா, பாலிபொட்டாமியா, மெட்ரொப்பொட்டாமியா என்றெல்லாம் அவர் சூட்டிய பெயர்களைக் காலம் கருணையுடன் கழித்துவிட்டது. 1800-ஆம் ஆண்டுக்குப் பிறகு மேற்கில் எங்குமே அடிமை முறை கூடாது என்று அவர் எழுதிய ஷரத்தோ, ஒரே ஒரு ராஜ்யத்தின் வாக்குக் குறைந்தமையால் விழுந்துபோயிற்று. நியூஜெர்ஸிப் பிரதிநிதி ஒருவர் நோய்வாய்ப்பட்டு அன்றைக்குச் சபைக்கு வராததே அந்தக் குறைவுக்குக் காரணம். சரித்திரத்தின் போக்கு சில சமயங்களில் எவ்வளவு அற்பமான காரணங்களில் தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

மரமும் ஓடையும் எல்லையாக

நிலத்தை விற்றுக் கடனை அடைப்பதென்று தீர்மானித்தாயிற்று. ஆனால் எதை விற்பது? எல்லை தெரியாத நிலத்துக்கு எவன் விலை கொடுப்பான்?

வர்ஜீனியாவிலும் அதன் மேற்குப் பகுதியான கென்டக்கியிலும் அதுவரையில் நடந்துவந்த முறை ஒன்று உண்டு. குடியேற விரும்புபவன் தனக்குப் பிடித்த பள்ளத்தாக்கைத் தானே தேர்ந்தெடுத்து, இந்த ஓடை வளைவிலிருந்து அந்த வெள்ளை ஓக் மரம் வரையில், அங்கிருந்து இரட்டைப் பாறை வரையில் என்று எல்லை சொல்லி, உள்ளூர் சர்வேயரைக் கொண்டு பதிந்துகொள்வான். நம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களில், கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வாய்க்கால், வடக்கே புளியமரம் என்று சக்குபந்தி எழுதியிருப்பதைக் கண்டவர்களுக்கு இந்த முறை எளிதில் விளங்கும். பல தலைமுறைகளாக ஒரே ஊரில் வாழ்பவர்களுக்கு அது போதுமானதே. புளியமரம் பட்டுப்போனாலும் அது நின்ற இடத்தை ஊரார் அறிவார்கள். அந்நியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் புதுக் காட்டில் அது பெருங் குழப்பத்தில் முடிந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு பேரும் மூன்று பேரும் பத்திரம் வைத்திருந்தார்கள். எல்லை மரத்தை ஒருவன் வெட்டி விறகாக்கினான். ஓடை தன் போக்கை மாற்றிக்கொண்டது. மலைக் கணவாயில் வழி திறந்து ஆயிரமாயிரம் பேரைக் கென்டக்கிக்குள் கொண்டுவந்த டேனியல் பூன் என்பவரே, தம் நிலங்களைப் பத்திரக் குறைகளாலும் வழக்குகளாலும் ஒவ்வொன்றாக இழந்து, 1799-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து ஆளுகையிலிருந்த மிஸௌரிக்குக் குடிபெயர்ந்தார் என்றால், படிப்பறிவில்லாத ஏழை உழவர்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

பின்னாளில் அமெரிக்காவின் தலைவராக விளங்கிய ஆபிரகாம் லிங்கனின் தந்தையும், கென்டக்கியில் பத்திரத் தகராறுகளில் அலுத்துப்போய், 1816-ஆம் ஆண்டில் இந்தியானாவுக்குப் போனவர்தாம். அங்கே நிலம் வேறு விதமாக அளக்கப்பட்டிருந்தது. அந்த வேறு விதம் யாதென்று இனிப் பார்ப்போம்.

அறுபத்தாறு அடி

1785-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி, நியூயார்க்கில் கூடியிருந்த காங்கிரஸ் சபை நிலச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. மேற்கு நிலம் முழுவதும், மலை, மடு, காடு, சதுப்பு என்ற பேதமின்றி, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேர்க்கோடுகளால் வெட்டப்பட்டு, பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரங்களாகப் பிரிக்கப்பட வேண்டும். டவுன்ஷிப் எனப்பட்ட அத்தகைய சதுரம் ஒவ்வொன்றும், பக்கத்துக்கு ஒரு மைலாக 36 மனைகளாகப் பிரிக்கப்படும். மனை ஒன்றுக்கு 640 ஏக்கர். அவற்றில் நான்கு மனைகளை மத்திய சர்க்கார் தனக்கென்று நிறுத்தி வைத்துக்கொள்ளும். 16-ஆம் எண் மனையின் வருமானம் அந்த டவுன்ஷிப்பின் பள்ளிக்கூடத்துக்கு உரியது. பொன், வெள்ளி, ஈயம், தாமிரச் சுரங்கம் எங்கேனும் அகப்பட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கும் சர்க்காரைச் சேரும். அளந்து முடித்து, படம் எழுதி, எண்ணிட்ட பிறகே ஏலம். ஏக்கருக்கு ஒரு டாலருக்குக் குறைந்து விற்கலாகாது. ஒரு குடியானவனும் போய்ச் சேராத காட்டில் பள்ளிக்கூடத்துக்கு இடம் ஒதுக்கிய அந்தச் சட்டத்தின் தீர்க்கதரிசனத்தை மெச்சாமலிருக்க முடியாது. அந்தக் காட்டில் ஏற்கெனவே வாழ்ந்த எவருக்கும் அந்த 36 மனைகளில் ஒன்றுகூட எழுதப்படவில்லை என்பதைக் கவனியாமலிருக்கவும் முடியாது.

அளக்கும் கருவியோ பழமையானது. எட்மண்ட் கண்டர் என்னும் ஆங்கிலேயர், பாதிரியாகவும் கணித சாஸ்திரியாகவும் இருந்தவர், 1620-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த சங்கிலி அது. நீளம் 66 அடி, கண்ணிகள் 100. பத்துப் பத்துக் கண்ணிகளுக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். வில்லையின் வடிவத்தைத் தொட்டுப் பார்த்தே கண்ணிக் கணக்கைச் சொல்லிவிடலாம். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அக்காலத்து இங்கிலாந்தின் தாறுமாறான நில அளவுகளையும், பத்துப் பத்தாகப் பெருக்கும் எளிய கணக்கையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் கண்டரின் சாமர்த்தியம். பெருக்கல் வாய்பாடு தெரிந்த எவனும் வயலின் விஸ்தீரணத்தைக் கணக்கிட்டுவிடலாம். தமிழ்நாட்டு நில அளவையிலும் இதே சங்கிலி நெடுங்காலம் புழங்கிற்று. இன்றைக்கும் நம் பேச்சில் வழங்கும் ஒரு சென்ட் நிலம், கண்டர் சங்கிலியின் கணக்கில் சரியாக ஆயிரம் சதுரக் கண்ணிகளே.

வேலை நடந்த விதம் இது. திசைகாட்டியைக் காலில் நிறுத்திச் சர்வேயர் குறி பார்ப்பார். கோடரிக்காரர் அந்தத் திசையில் புதரையும் கிளையையும் வெட்டி வழி திறப்பார். சங்கிலிக்காரர் இருவரில் முன்னவர், கையில் ஒரு கத்தை இரும்பு முளைகளுடன், சங்கிலியின் முனையைப் பிடித்து நடப்பார். பின்னவர் மறுமுனையைப் பிடித்து நின்று, சங்கிலி விறைத்ததும் குரல் கொடுப்பார். முன்னவர் அங்கே ஒரு முளையைக் குத்திவிட்டு அடுத்த சங்கிலிக்கு நடக்க, பின்னவர் வந்து அந்த முளையைப் பிடுங்கிக்கொள்வார். பின்னவர் கையில் சேர்ந்த முளைகளின் எண்ணிக்கையே கடந்த சங்கிலிகளின் கணக்கு. மேடு பள்ளமான இடங்களில் சங்கிலியைச் சரிவிலே படியவிடாமல் மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு வசதியாகப் பாதி நீளச் சங்கிலியும் உண்டு. நாள் செல்லச் செல்லக் கண்ணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதால் சங்கிலி நீண்டுவிடும் என்பதை அறிந்து, அவ்வப்போது அதைச் சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். மூலை வந்ததும் ஒரு கம்பம் நட்டு, அருகிலிருக்கும் மரங்களின் பட்டையைச் செதுக்கிக் குறியிட்டு, அவை சாட்சி மரங்கள் என்று குறிப்பேட்டில் திசையும் தூரமும் எழுதுவார்கள். ஓக் எங்கே, பீச் எங்கே, ஆலை வைக்கத்தக்க நீர்வீழ்ச்சி எங்கே, உப்பு ஊற்று எங்கே, மண் முதல்தரமா, மூன்றாந்தரமா என்பதெல்லாம் அந்தக் குறிப்பேட்டில் ஏறும். இவ்வளவுக்கும் சட்டம் நிர்ணயித்த கூலி, சங்கிலிக்காரர், குறியிடுவோர் சம்பளம் உட்பட, மைலுக்கு இரண்டு டாலர்.

இந்த வேலைக்குத் தலைவராக நியமனம் பெற்றவர் தாமஸ் ஹட்சின்ஸ். பிரிட்டிஷ் சேனையில் பொறியியல் அதிகாரியாக இருந்து, யுத்த காலத்தில் அமெரிக்கர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததாக இங்கிலாந்தில் சிறைப்பட்டு, பின்பு அமெரிக்கப் பக்கம் வந்து சேர்ந்த அவருக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் பூகோள அதிகாரி என்ற பதவியைக் காங்கிரஸ் அளித்திருந்தது. 1785-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, பென்ஸில்வேனியாவின் மேற்கெல்லை ஒஹையோ நதியின் வடகரையைத் தொடுமிடத்தில் நின்று, அவர் மேற்கு நோக்கி முதற்கோட்டைத் தொடங்கினார். சுமார் நான்கு மைல் போவதற்குள், பூர்வகுடிகள் தாக்கியதாகத் தொலைவிலிருந்து செய்தி வரவே, கருவிகளைச் சுருட்டிக்கொண்டு பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பிவிட்டார். ஒரு கண்டத்தை அளக்கப் புறப்பட்டவரின் முதல் வருஷத்துச் சம்பாத்தியம் அவ்வளவுதான். மறு வருஷம், துருப்புக்களின் காவலோடும், நேர் வடக்கை நட்சத்திரங்களைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, திசைகாட்டி முள் காட்டுவதே போதும் என்ற சலுகையோடும் வேலை தொடர்ந்தது. அவர் பணியிலிருக்கும்போதே 1789-ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க்கில் காலமானார். தொடக்கம் குறித்த இடம் இன்று ஒஹையோ நதியின் தண்ணீருக்கடியில் இருக்கிறது. அதன் அருகே ஒரு நினைவுக் கம்பம் மட்டும் நிற்கிறது.

அளவை என்பது அக்காலத்தில் எல்லா ஆட்சிகளுக்கும் உகந்த ஆயுதமாகி வந்தது. 1781-ஆம் ஆண்டில் யார்க்டவுனில் சரணடைந்த அதே காரன்வாலிஸ் பிரபு, ஐந்து வருஷத்துக்குப்பின் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து, 1793-ஆம் ஆண்டில் வங்காளத்தில் அளக்காத நிலத்துக்குச் சாசுவதமாகத் தீர்வை நிர்ணயித்தார். அதே காலத்தில் சேலம் சீமையைச் சேர்ந்த பாராமகாலில் பிரிட்டிஷ் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் வயல் வயலாக அளக்கத் தொடங்கியிருந்தனர். இங்கே அளந்தது, உழுபவனிடம் கிஸ்து வாங்குவதற்காக; அங்கே அளந்தது, உழப் போகிறவனுக்கு விற்றுவிடுவதற்காக. இங்கே நிலத்தின்மீது ஏற்கெனவே இருந்தவன் யாரென்று கேட்காமல் கணக்கு முடியாது. அங்கே அந்தக் கேள்விக்குக் குறிப்பேட்டில் இடமே இல்லை.

விலை போட்டவரும் வாங்கியவரும்

முதல் நான்கு வரிசைகள் அளந்து முடிந்ததும், 1787-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நியூயார்க்கில் ஏலம் நடந்தது. முடிவில் விற்றுத் தீர்ந்தது ஏறக்குறைய 73,000 ஏக்கரே. வாங்க வந்தவர்களோ உழவர்களல்லர். ஒரு மனை என்றாலே 640 டாலர் வேண்டும். அவ்வளவு பணமுள்ளவன் காட்டுக்குப் போய் மரம் வெட்ட மாட்டான். மரம் வெட்டத் துணிந்தவனிடம் அவ்வளவு பணம் இராது. ஆகவே பணமில்லாதவர்கள் ஏலத்துக்குக் காத்திராமல் நதியைக் கடந்து, அகப்பட்ட இடத்தில் குடிசை போட்டுச் சோளம் விதைத்தார்கள். சர்க்காரின் சரக்கைத் திருடுகிறவர்கள் என்று அவர்கள்மீது குற்றஞ்சாட்டி, 1785-ஆம் ஆண்டில் கர்னல் ஹார்மரின் சிப்பாய்கள் அந்தக் குடிசைகளைக் கொளுத்தினார்கள். சிப்பாய் போன மறுவாரம் குடிசை மறுபடி எழும்பிற்று.

சில்லறை வியாபாரம் ஓடாததால் காங்கிரஸ் மொத்த வியாபாரத்தில் இறங்கிற்று. ரூபஸ் புட்நம் முதலிய மாஸசூஸெட்ஸ் படை அதிகாரிகள், சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்த மதிப்பிழந்த பத்திரங்களை நிலமாக மாற்றிக்கொள்ளும் நோக்கத்துடன், 1786-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துச் சாராய விடுதியொன்றில் கூடி, ஒஹையோ கம்பெனியை ஸ்தாபித்தனர். அவர்கள் சார்பில் நியூயார்க்குக்கு வந்த மெனாஸே கட்லர் பாதிரியார், சபை அங்கத்தினர்களுடன் விருந்துண்பதிலும் சம்பாஷணையிலும் வல்லவர். 15 லட்சம் ஏக்கருக்கு ஏக்கர் ஒரு டாலர் என்று பேசி, மோசமான நிலத்துக்காக மூன்றிலொரு பங்கு தள்ளுபடியும் பெற்று, மிகுதியை மதிப்பிழந்த பத்திரங்களிலேயே செலுத்துவதாக ஒப்பந்தம் முடித்தபோது, ரொக்கக் கணக்கில் ஏக்கர் ஒன்பது சென்ட்டுக்கும் குறைவாகவே அடங்கிற்று.

கட்லரின் பேரம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே, 1787-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, வடமேற்குப் பிரதேசச் சட்டம் நிறைவேறியது. 5,000 வயதுவந்த சுதந்திர ஆடவர் சேர்ந்தால் ஒரு சட்டசபை, 60,000 சுதந்திரக் குடிகள் சேர்ந்தால் முழு ராஜ்யம், அந்த ராஜ்யத்துக்குப் பழைய பதின்மூன்றோடு எவ்விதத்திலும் குறையாத அந்தஸ்து, மத சுதந்திரம், ஜூரி விசாரணை, ஒஹையோவுக்கு வடக்கே அடிமை முறைக்குத் தடை. ஜெபர்ஸன் ஒரு வாக்கில் இழந்த ஷரத்து, நிலப்பரப்பில் பாதி குறைந்து, தப்பியோடி வந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற வால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, மறுபடி உயிர் பெற்றது. பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுக்கலாகாது என்றும் அதே சட்டம் சொல்லிற்று. அந்த வாசகத்தை எழுதிய மை உலரும் முன்பே, அவர்களைக் கேளாமல் அளந்த நிலம் ஏலத்துக்குப் போயிற்று.

1788-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, புட்நத்தின் தலைமையில் 48 பேர் மஸ்கிங்கம் நதி ஒஹையோவில் கலக்குமிடத்தில் இறங்கி, பிரான்ஸ் தேசத்து அரசியான மேரி அந்துவானெத்தின் பெயரைத் தழுவி, மேரியெட்டா என்ற ஊரைக் கண்டனர். மனை அளக்கப் புகுந்த அவர்கள் கண்டது வெறுங் காடன்று. முப்பதடி உயரத்துக்குக் குவித்து எழுப்பிய மண்மேடும், சதுரமும் நீள்சதுரமுமாக நீண்டோடும் மதில்களும், நதிக்கரைக்கு இறங்கும் அகன்ற வீதியும் அங்கே இருந்தன. நூற்றாண்டுகளுக்கு முன்னர் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் கைவேலை அது. புட்நமும் அவருடைய கூட்டாளிகளும் அவற்றை வியந்து, அளந்து, படம் வரைந்து, பொது நிலமாகப் பாதுகாத்து, பெரிய மேட்டைச் சூழ்ந்த இடத்தைத் தம் இடுகாடாக்கிக்கொண்டனர். யுத்தத்தில் பங்கெடுத்த பல அதிகாரிகள் இன்றும் அங்கே அடக்கமாகி இருக்கிறார்கள்.

மொத்த வியாபாரம் எல்லாம் இத்தனை யோக்கியமாக நடந்துவிடவில்லை. கட்லரின் ஒப்பந்தத்தோடு ஒட்டிக்கொண்டு பிறந்த ஸயோட்டோ கம்பெனியார், தமக்குச் சொந்தமாகாத நிலத்தைப் பாரிஸ் நகரத்தில் கூவி விற்றனர். புரட்சியின் கொந்தளிப்பிலிருந்து விலகி நிம்மதியாக வாழ விரும்பிய நூற்றுக்கணக்கான பிரெஞ்சுக்காரர்கள், சிற்பவேலைக்காரரும் பொய்ம்மயிர் முடைவோரும் உட்பட, 1790-ஆம் ஆண்டில் ஒஹையோக் கரைக்கு வந்து சேர்ந்தபின்பே, தங்கள் கையிலிருந்த பத்திரங்கள் எந்த நிலத்துக்கும் உரியவையல்ல என்பதை அறிந்தனர். காலிபோலிஸ் என்னும் ஊர் அவ்வாறு பிறந்தது. காங்கிரஸ் மனமிரங்கி 1795-ஆம் ஆண்டில் அவர்களுக்கு வேறிடத்தில் நிலம் வழங்கிற்று.

கட்டத்தில் அடங்காதவர்கள்

ஒஹையோ நதிக்கு வடக்கே இருந்த பூர்வகுடிகளின் வாதம் எளிமையானது, மறுக்க முடியாதது. யுத்தத்தில் தோற்றவன் ஆங்கில மன்னன்; நாங்கள் தோற்கவில்லை. தன்னுடையதல்லாத நிலத்தை அவன் எப்படிக் கொடுப்பான்? மக்கின்டாஷ் கோட்டையிலும் பின்னி கோட்டையிலும் காங்கிரஸ் பிரதிநிதிகள் சில தலைவர்களிடம் மிரட்டிப் பெற்ற உடன்படிக்கைகளைக் கூட்டாக இணைந்த குலங்கள் ஏற்க மறுத்தன. நதியே எல்லை என்று அவை உறுதியாக நின்றன.

1791-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில், வாபாஷ் நதியின் மேற்புறத்தில் பாளையமிறங்கியிருந்த பிரதேச கவர்னர் ஆர்தர் செயின்ட் கிளேரின் படையை, மயாமித் தலைவரான சிற்றாமையும் ஷானீத் தலைவரான நீலச்சட்டையும் நடத்திவந்த கூட்டுச் சேனை சூழ்ந்து தாக்கிற்று. சுமார் 1,400 பேர் கொண்ட படையில் 600-க்கும் மேற்பட்டோர் சில மணி நேரத்தில் மடிந்தனர். பூர்வகுடிகளின் கையில் அமெரிக்க சேனை அடைந்த தோல்விகளில் இதைவிடப் பெரியது பின்னர் ஒருபோதும் நேரவில்லை.

அதிர்ச்சியுற்ற சர்க்கார், ஒரு புறம் புதிய படையைப் பயிற்றுவித்துக்கொண்டே, மறுபுறம் சமாதானத்துக்கு மூன்று தூதர்களை அனுப்பிற்று. பெரும் தொகை ஒன்றைத் தருகிறோம், நிலத்தை விட்டுவிடுங்கள் என்பது தூதர்கள் கொண்டுவந்த செய்தி. 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பூர்வகுடிகளின் மகாசபை அதற்கு அனுப்பிய பதில், இந்தச் சரித்திரத்திலேயே மிக நுட்பமான அரசியல் ஆவணங்களில் ஒன்று. பணம் எங்களுக்குப் பயனற்றது, நிலமோ எங்கள் பெண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுவது என்று சொன்ன அவர்கள், மேற்கொண்டு ஒரு யோசனையும் கூறினார்கள்: எங்கள் நிலத்தில் வந்து குடியேறியிருப்பவர்கள் ஏழைகள், இல்லாவிட்டால் இத்தனை ஆபத்தான இடத்துக்கு வந்திருக்க மாட்டார்கள், எங்களுக்குத் தருவதாகச் சொல்லும் பணத்தையும், எங்களோடு சண்டையிடச் சேனைக்குச் செலவிடும் பணத்தையும் சேர்த்து அந்த ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் மகிழ்ச்சியோடு திரும்பிப் போவார்கள். கணக்கு சரியானதே. ஆனால் விற்கிறவனுக்கு வேண்டியது செலவைக் குறைக்கும் யோசனையல்ல, சரக்கு.

1794-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி, சூறைக்காற்றில் மரங்கள் சாய்ந்து கிடந்த மாமி நதிக்கரையில், ஜெனரல் ஆன்டனி வெய்ன் அந்தக் கூட்டுச் சேனையை முறியடித்தார். அருகே பிரிட்டிஷ் கோட்டையொன்று இருந்தது. அதுவரையில் துப்பாக்கியும் வாக்குறுதியும் தாராளமாக வழங்கிவந்த பிரிட்டிஷார், தோற்று ஓடிவந்த நண்பர்களைக் கண்டதும் கதவை அடைத்துக்கொண்டனர். மறு வருஷம் ஆகஸ்டு 3-ஆம் தேதி கிரீன்வில் உடன்படிக்கையில், இன்றைய ஒஹையோவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைமாறிற்று. பதிலுக்குக் கிடைத்தது 20,000 டாலர் பெறுமான சாமான்களும், ஆண்டுதோறும் 9,500 டாலர் பெறுமான சாமான்களுமாகும். டெகும்ஸே என்னும் இளம் ஷானீ வீரர் அந்தக் கையெழுத்துக் கூட்டத்துக்கு வரவில்லை. அவரைப் பற்றிச் சொல்லும் சந்தர்ப்பம் பின்னர் வரும்.

நூறு டாலருக்கு எண்பது ஏக்கர்

போர் ஓய்ந்ததும் சங்கிலி மறுபடி புறப்பட்டது. 1796-ஆம் ஆண்டுச் சட்டம் விலையை ஏக்கருக்கு 2 டாலராக உயர்த்தி, 640 ஏக்கருக்குக் குறைந்து விற்பதில்லை என்று வைத்ததால், ஏழை உழவனுக்குக் கதவு அடைத்தே கிடந்தது. அதைத் திறந்தது 1800-ஆம் ஆண்டுச் சட்டம். 320 ஏக்கர் போதும். விலையில் கால்பங்கு முதலில், மிச்சம் நான்கு வருஷத்துக்குள். அதுவும் தலைநகருக்குப் போய் வாங்க வேண்டியதில்லை, ஸின்ஸினாட்டி, சில்லிகோதி, மேரியெட்டா, ஸ்டூபன்வில் ஆகிய ஊர்களிலேயே நிலக் கச்சேரி திறந்தாயிற்று. 1804-இல் 160 ஏக்கராயிற்று. தவணைக்கு வாங்கியவர்கள் விலை வீழ்ச்சியில் சிக்கி, 2 கோடி டாலருக்கு மேல் பாக்கி நின்றபின், 1820-இல் தவணை ஒழிந்து, 80 ஏக்கர், ஏக்கருக்கு ஒண்ணேகால் டாலர், ரொக்கம் என்று ஏற்பட்டது. நூறு டாலர் சேர்த்தவன் எவனும், எந்தப் பிரபுவுக்கும் வாரமோ வணக்கமோ செலுத்தாமல், வழக்குக்கு அஞ்சாத பத்திரத்தோடு நிலச்சொந்தக்காரன் ஆகலாம் என்ற நிலை, ஐரோப்பாவின் குடியானவன் கனவிலும் கண்டறியாதது.

அதன் பலனை எண்களே சொல்லும். 1800-இல் ஒஹையோவின் மக்கள் தொகை 45,365, 1810-இல் 2,30,760. 1803-ஆம் ஆண்டில் ஒஹையோ பதினேழாவது ராஜ்யமாகச் சேர்ந்துகொண்டது. பழைய பதின்மூன்று ராஜ்யங்கள், கென்டக்கி, டென்னஸி, டெக்ஸாஸ் முதலியவை நீங்கலாக, பிற்காலத்து அமெரிக்காவின் பெரும்பகுதி இதே சதுரங்களாகவே அளக்கப்பட்டது. விமானத்தில் செல்பவர்கள் கீழே காணும் கட்டம் கட்டமான வயல்களும், மைலுக்கு மைல் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் சாலைகளும் 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எழுத்துக்கள்தாம்.

இந்தச் சங்கிலியை வாழ்த்துவதா, வைவதா என்று கேட்பவர்கள் உண்டு. சிறு விவசாயிக்குத் தகராறில்லாத சொத்தும், அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், அவன் ஊருக்குச் சம அந்தஸ்துள்ள ராஜ்யமும் கிடைத்தது இந்தச் சங்கிலியால். எண்ணிட்ட படத்தில் இடம்பெறாத மக்கள் சட்டத்தின் கண்ணில் இல்லாதவர்களாகிப் போனதும் இந்தச் சங்கிலியால்தான். ஒன்று குணம், மற்றொன்று அதில் தற்செயலாக நேர்ந்த குற்றம் என்று பிரித்துப் பேசுவது பொருந்தாது. பிறர் வாழும் நிலத்தை ஆளில்லாத நிலமென்று எழுதிக்கொண்ட அந்தக் கணக்கிலிருந்தே, வாங்கியவனின் சமத்துவமும் இழந்தவனின் அழிவும் ஒருசேரப் பிறந்தன. கொள்ளையென்று தோன்றியிருந்தால் கூசியிருக்கக்கூடிய கண்ணியமான மனிதர்கள் பலர், அது கச்சேரிக் காரியமாக, படமும் எண்ணும் ரசீதுமாக நடந்தபோது, கூச்சமின்றிக் கையெழுத்திட்டார்கள். இனி வரும் அத்தியாயங்களில் புளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் சமவெளிகளிலும் நாம் காணப் போவதெல்லாம் இந்தக் கணக்கின் தொடர்ச்சியே.

ஒஹையோ ராஜ்யமான அதே 1803-ஆம் ஆண்டு வசந்தத்தில், மிஸிஸிப்பிக்கு அப்பாலும் சங்கிலி போவதற்கு எதிர்பாராத விதமாக வழி திறந்தது. துறைமுகம் ஒன்றை விலைக்குக் கேட்கப் பாரிஸுக்குச் சென்ற அமெரிக்கத் தூதர்களிடம், நெப்போலியன் ஒரு கண்டத்தின் நடுப்பகுதி முழுவதையுமே ஒன்றரைக் கோடி டாலருக்குத் தள்ளிவிட்ட கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)